விழுங்கியதற்குச் சாட்சி

மாத்திரையை விழுங்கியதும் வெல்டர் அண்ணன் வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். கிளைச்சிறையில் அதுதான் வழக்கம். கன்னத்தில் ஒதுக்கிவைத்து மற்றவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று காவலர் ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்து, 'சரி' என்பார். சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில், இலவசச் சட்ட உதவிக் குழுவோடு உள்ளே போன அன்று அண்ணன் முகத்துக்கு முன்பே அந்த வாயைத்தான் பார்த்தேன்.

கும்மிடிப்பூண்டி ஷெட்டுகளில் ஒப்பந்த வேலை செய்தவர். குடித்துவிட்டு ஷிப்ட் பஸ்ஸின் கண்ணாடியை உடைத்ததாக வழக்கு. உள்ளேயிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டினார்கள் என்றாராம். பஸ் காலியாக நின்றிருந்தது. ஸ்டேஷனில் சிரித்திருக்கிறார்கள். "மாத்திர போட்டா சத்தம் அடங்குது. சரக்கு அடிச்சாலும் அடங்குது. சரக்குதான் பக்கத்துல கெடைக்குது பாப்பா, நான் இன்னா பண்றது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது வேகம் மட்டும் நிறைய இருந்தது.

குடிமறுவாழ்வு மையத்தில் சேர்ந்தால் ஜாமீன் என்றது நீதிமன்றம். மனநோய் இருந்தால் எடுக்க மாட்டோம், அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றது மையம். குடியை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றது மனநல ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவே ரயிலில் அலைந்தபோது, மீஞ்சூர் தாண்டியதும் எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. சேர்க்கைப் படிவத்தில் 'வேறு நோய் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்தார். "அப்ப மாத்திர யாரு குடுப்பா?" முதலில் உள்ளே நுழையட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

அந்த அப்புறத்துக்குள் எனக்குப் பரீட்சை வந்துவிட்டது. படிவத்தில் இல்லாத மாத்திரை என்று மையத்து வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். நான்காம் நாள் சத்தம் தாங்காமல் சுவரேறிக் குதித்தார், ஜாமீன் ரத்தானது. மறுபடி கிளைச்சிறைக்குப் போனேன். திட்டுவார் என்று பயந்தேன். அவரோ என்னைச் சமாதானப்படுத்தினார். "பேஜாராவாத பாப்பா. இங்கதான் ரெண்டும் ஒழுங்கா கீது. மாத்திர தரான், சரக்கு தரல." திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அதைக் கேட்டபின் எழ முடியவில்லை.

தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டார். நான் இப்போது வக்கீல். போன மாதம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இருவரையும் பார்த்தேன். அண்ணி மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தார். விழுங்கியவர் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "யாராச்சும் சரின்னு சொன்னாத்தான் மூடுவாரு," என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, நாக்கின் அடியில், இரண்டு கன்னங்களிலும், அவசரப்படாமல் பார்த்தேன்.

"சரிண்ணா," என்றேன்.