பேசிக்கிட்டே ஓடுற வேகம்

மாரத்தான் பயிற்சிக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம்வரை ஓடக் கிளம்பினோம். நண்பன் சலீமை முந்திப் பறந்த நான், ஆலப்பாக்கத்தில் தசை பிடித்து உட்கார்ந்துவிட்டேன். நிதானமாக வந்து சேர்ந்த சலீம், "பேசிக்கிட்டே ஓடணும் மச்சான். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் இட்லி மாவு வியாபாரம் தொடங்கி, ஒரே மாதத்தில் நாற்பது கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ஒரு கடைக்கார அக்கா, "தம்பி, மாவு..." என்று ஆரம்பித்தார். பாக்கெட்டுகளை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மறுநாள் போய்க் கேட்டேன்.

"வெயில்ல சுத்தி வர்றதுக்குள்ள புளிச்சிடுதுப்பா. ஒரு வாரமா சொல்லப் பாக்குறேன், நீ எங்க நிக்கிற?"

இப்போது பன்னிரண்டு கடைகள்தான். எல்லாவற்றிலும் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் பேசுகிறேன். சிதம்பரத்துக்கும் ஓடிவிட்டேன், வழியெல்லாம் சலீமோடு பேசிக்கொண்டே.