மெழுகு பூசிய மீன்சட்டி

போன வாரம் மருமகள் ஆன்லைனில் ஒரு மண்பானை வாங்கினாள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள் காகிதச் சுருள், அதற்குள் பானை. உடம்பெல்லாம் கறுப்பும் செம்மண் நிறமுமாகப் புகை படர்ந்த பானை. "அத்தை, இதக் கழுவிராதீங்க. அழகுக்கு வைக்கிறது" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்து பானையை எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. பிளாஸ்டிக் வாளியை மோந்த மாதிரி இருந்தது.

பானையை மோந்து பார்க்கிற புத்தி எனக்கு எப்படி வந்தது என்று உங்களிடம் சொல்ல வேண்டும். நேரில் என்றால் என்னால் முடியாது. தபால்காரர் என் பெயரைக் கேட்டாலே தரையைப் பார்க்கிறவள் நான். எழுத்தில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் தைரியம்.

பத்தாவது முடித்ததும் மாப்பிள்ளையூரணி போகிற வழியில் இருந்த ஒரு தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குக் கப்பலில் போகிற அலங்காரப் பானைகளை அங்கே செய்தார்கள். தரையில் குழி வெட்டிப் பானைகளை அடுக்குவார்கள். மேலே மரத்தூள், தேங்காய்க் கதம்பை, காய்ந்த கடல்பாசி, கைநிறைய உப்பு என்று கிடைத்ததையெல்லாம் போட்டுத் தீ வைத்து மூடிவிடுவார்கள். குழி ஆறினபின் திறந்தால் ஒவ்வொரு பானையிலும் ஒவ்வொரு விதமான புகைக்கறை இருக்கும். ஒன்றில் மேகம், ஒன்றில் அலை. ஒன்றில் எங்கள் பங்குச்சாமியாரின் தாடிகூட இருந்தது.

அந்தக் கறைக்காகத்தான் வெள்ளைக்காரன் வாங்குகிறான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் "சுத்தம் பண்ணு" என்று கையில் ஒரு பானையைக் கொடுத்தார்கள். கரிபிடித்த பாத்திரத்தைக் கண்டால் எங்கள் வீட்டுப் பெண்களின் கை சும்மா இருக்காது. தேங்காய் நாரும் மணலும் தேடி எடுத்து, தோள்பட்டை வலிக்கத் தேய்த்தேன். கறை பாதி போனது. சுடுவதற்கு முன் சோழியால் இழைத்து ஏற்றியிருந்த மினுமினுப்பு முழுசாகப் போனது. கொட்டகைக்காரர் அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"ஏளா, இது கப்பல்ல போறது. கல்யாண வீட்டு அண்டான்னு நெனச்சியா?"

நான் தரையைப் பார்த்தேன். அவரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, வேலையைச் சொல்லித் தராமலே போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்துக்கொண்டேன். மெத்தென்ற பிரஷ்ஷால் சாம்பலைத் தட்டவேண்டும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, வெயிலில் சூடேற வைக்கவேண்டும். பானை கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே தேன்மெழுகை மெலிசாகப் பூச வேண்டும். ஆறின பானையில் பூசினால் மெழுகு திட்டுத் திட்டாய் நிற்கும், சூட்டில் பூசினால் மண் அதைக் குடித்துவிடும். பிறகு பழைய பனியன் துணியால் தேய்க்கத் தேய்க்க, கறுப்புக்குள்ளிருந்து ஒரு பளபளப்பு வரும். வாயைத் திறக்க வேண்டாத வேலை. எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

ஆனால் வீட்டில் என் வாய்தான் பிரச்சினை. என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடமும், பெண் ஊமையோ என்ற சந்தேகத்தில் நின்றுபோயிருந்தது. மூன்றாவதாகப் புன்னைக்காயலிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை தோணியில் மாலத்தீவுக்குச் சாமான் கொண்டு போகிறவர். அவரை ஒருமுறை மாதா கோவில் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் யாரோ இவர் காலை மிதித்ததற்கு இவர்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று பேச்சு வந்த நாளிலிருந்து எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய ஆளாக இருந்தால் முதல் இடமே முடிந்திருக்குமே.

"ஏதாச்சும் கேட்டா ஒரு வார்த்த சொல்லு. ரெண்டு வார்த்த சொன்னா செத்தா போவ?" என்றாள் அம்மா.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், காரியம் கூடிவர வேண்டுமென்று அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்திகளை ஏற்றி வைத்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போனாள். பரண்மேல் ஒரு சட்டி அவள் கண்ணில் பட்டிருக்கிறது. விளிம்பு கோணிப்போனதால் கப்பலுக்கு ஆகாது என்று அண்ணாச்சி எனக்குத் தந்த சட்டி. அதன் ஓரத்தில் ஒரு வாத்து நீந்துவது போலக் கறை. சொந்தச் சட்டி ஆயிற்றே என்று உள்ளேயும் வெளியேயும் தாராளமாக மெழுகு பூசி வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் புதுச்சட்டியில் யாரும் குழம்பு வைக்கமாட்டார்கள். கஞ்சித்தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தடவி, நாள்கணக்கில் பழக்குவார்கள். பழகின சட்டி கறுத்து, எண்ணெய் குடித்து மினுங்கும். இதுவும் கறுத்து மினுங்கியது. மகள் தனக்குச் சீர் கொண்டுபோகச் சத்தமில்லாமல் சட்டி பழக்கி வைத்திருக்கிறாள் என்று அம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. ஊளி மீன் வாங்கி, புளி கரைத்து, அதிலேயே குழம்பை ஏற்றிவிட்டாள். வீடெல்லாம் மெழுகு வாசம். மாதா படத்திலிருந்து வருகிறது என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான். அந்த வாசத்தில் நாள் முழுக்க உட்காருகிற மூக்குக்கே தெரியவில்லை.

நான் சேலை கட்டி வெளியே வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தைதான் அவர்கள் வீட்டில் பேச்சாளர். அவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"மைனி, கொழம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒதடு ஒட்டுதே. என்ன போட்டிய?"

"எல்லாம் சட்டி வாகுதான் மைனி. எம்மவ கையால பழக்குன சட்டி" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

எட்டிப் பார்த்தேன். குழம்பின் மேல் வெள்ளையாக ஏடு. எல்லோர் தட்டின் ஓரத்திலும் வெள்ளை வளையம். அடுப்புப் பக்கம் திரும்பினால் அங்கே என் வாத்து. சொன்னால் அம்மாவின் மானம் போகும், சம்பந்தமும் போகும். சொல்லாவிட்டால் இத்தனை பேரும் மெழுகு தின்பார்கள். மாப்பிள்ளை இரண்டாம் தடவை சோறு வாங்கி, குழம்புக்குத் தட்டை நீட்டினார்.

"அது மெழுகு" என்றேன்.

பந்தி நின்றுவிட்டது. அத்தை என்னையே பார்த்தார்.

"புள்ள பேசுது."

"பேசும்" என்றாள் அம்மா, தனக்கே சந்தேகமாக.

"ஊமைன்னுல்லா சொன்னாவ. என்ன மெழுகு மக்கா?"

அவ்வளவுதான். அவர் கேட்டது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். குழியில் பாசி போடுவதிலிருந்து ஆரம்பித்தேன். பிரஷ், ஈரத்துணி, வெயில், கைபொறுக்கும் சூடு என்று போய்க்கொண்டே இருந்தேன். ஆறின சட்டியில் பூசினால் என்ன ஆகும் என்பதை இரண்டு தடவை சொன்னேன். எல்லோருடைய சோறும் ஆறிப்போனது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுல்லா?"

"செய்யாது. தேன்மெழுகுதான்."

"அப்போ ரெண்டு கரண்டி விடுங்க."

விட்டேன். படியிறங்கும்போது அத்தை அம்மாவிடம், "வாயுள்ள புள்ளதான் மைனி. கொஞ்சம் அதிகமோன்னுதான் இப்போ யோசிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் கோவிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள்.

அந்தச் சட்டியை அம்மா விடவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து மெழுகையெல்லாம் எடுத்து, முறைப்படி பழக்கி எனக்குச் சீரோடு கொடுத்தாள். குழம்பு வைக்க வைக்க அதிலிருந்த புகைக்கறை ஒவ்வொன்றாகக் கறுப்புக்குள் போனது. வாத்துதான் கடைசி வரை தாக்குப்பிடித்தது. என் மகன் நடக்க ஆரம்பித்த சமயம், ஒரு நாள் பார்த்தேன், அதையும் காணோம். பிறகு சட்டியும் உடைந்தது. அம்மாவும் போய்விட்டாள், அத்தையும் போய்விட்டார். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் அதைத் தாண்டும்போது ஜன்னலோரம் மூக்கை நீட்டுகிறேன். டீசல்தான் வருகிறது.

பானை வந்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். புதுப்பானையைக் கண்டதும் அவரும் முதலில் மோந்துதான் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்த மாதிரியே சாவகாசமாக உட்கார்ந்தார்.

"இதுல என்னளா பூசிருக்கான்?"

ஒரு நீளமான பதிலுக்குத் தயாராகக் காத்திருந்தார். பானையை மறுபடி மோந்தேன், நகத்தால் லேசாகச் சுரண்டினேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியல" என்றேன்.