ரிசல்ட்டுக்கு முந்தின பூசை

என் அம்மா உப்பில்லாமல் சாப்பிடுவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். நான் தொட்டிலில் கிடந்தபோதே அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்துவிட்டது. கால் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். அதற்காக அவள் திராட்சைத் தோட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று குலை வெட்டுகிறவளுக்கு நோய் இருக்கிறது என்றால் அனுமந்தன்பட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது வீக்கம் வடியவே இல்லை. மதுரையில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை ரிசல்ட். மோசமாக இருந்தால் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா ஒரே செய்தித்தாளை மூன்று நாள் படித்தார்.

முந்தின நாள் ஞாயிறு. சர்ச்சில் பூசைக்கு முன்னால், அன்றைய பூசை யார் யாருக்காக என்று சாமியார் மைக்கில் வாசிப்பார். படுத்துக் கிடப்பவர்களுக்கு 'சுகம் வேண்டி', எழுந்துவிட்டவர்களுக்கு 'நன்றியாக'. எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். அம்மாவின் பெயரோடு 'நன்றியாக' என்று வந்தது. அப்பா சட்டென்று பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்தும் அம்மா முழங்காலில் இருந்ததால், ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. "ஆத்தா, ரிசல்ட்டு வந்திருச்சா? டாக்டரு என்ன சொன்னாக?" என்று கேட்டாள் அத்தை. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அந்த வயதில் எனக்கு இல்லை.

"சொகமாயிருச்சுன்னு சொல்லிட்டாக. இனிமே உப்புப் போட்டே சாப்பிடலாமாம்."

உப்பு என் சொந்தச் சேர்க்கை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரே வந்த நாலைந்து பேருக்கும் நானே வலியப்போய்ச் சொன்னேன்.

மத்தியானம் அத்தை கருவாட்டுக் குழம்போடு வந்துவிட்டாள். அம்மா தூக்குவாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் போக எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ரிசல்ட்டு நாளைக்குத்தேன் மதினி வருது" என்றாள் அம்மா.

"பெறகு எதுக்கு நன்றிப் பூச?"

"இது தொட்டில்ல இருக்கயிலயே படுத்த படுக்கையாப் போயிருவேன்னு பயந்து கெடந்தேன். இந்தப் பிள்ளைய ஒம்பது வருசம் வளத்துட்டேன்ல, அதுக்குத்தேன். நல்ல சேதி வந்தாத்தேன் நன்றின்னா, அது சாமியோட யாவாரம் பண்ற மாதிரி."

அத்தை தூக்குவாளியை அப்பா பக்கம் நகர்த்தினாள். குழம்பை அப்பாவும் நானும் சாப்பிட்டோம்.

மறுநாள் என்னையும் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். ஊரில் விட்டுவைத்தால் இன்னும் என்னென்ன சொல்வேனோ என்ற பயம்தான். டாக்டர் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போதைக்கு டயாலிசிஸ் வேண்டாம், ஆனால் வேண்டிவராது என்றும் சொல்ல முடியாது, ஆறு மாதம் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. அம்மா மாத்திரைகளை எப்போது எப்போது சாப்பிடவேண்டும் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். பிறகு, "வாங்க, நாளைக்குக் குலை வெட்டணும்" என்று எழுந்தாள். நான் என் வாழ்க்கையில் பார்த்த தைரியசாலி அவள்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

திரும்பிவரும்போது பஸ்ஸில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகி வலித்தது. கருவாட்டுக் குழம்புக்கான அடி வீட்டில் காத்திருக்கிறது, அதுவரை நான் தப்பிவிடாமல் பிடித்திருக்கிறாள் என்றே நினைத்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியும் விடவில்லை. வீட்டுக்கு வந்து அடி விழாதபோது, தப்பித்தேன் என்று விளையாட ஓடினேன். அம்மாவுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.