இரண்டு அரசாங்கத்தையும் திருப்பி அனுப்பிய வீடு

1. ஏரி நிரம்பி வழிந்து, ஆவடியில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது.
2. கீழ்வீட்டில் இடுப்பளவு ஏறியதும் மாடி வீட்டுக்குப் போனோம்.
3. அம்மாவின் புதன்கிழமை டயாலிசிஸ் தவறியது.
4. மாநில அரசின் உதவி எண்ணுக்கும், மத்திய அரசின் மீட்புப் படைக்கும் போன் செய்து படகு கேட்டேன்.
5. இரண்டு பக்கமும் வருவதாகச் சொன்னார்கள்.
6. இரண்டு பக்கமும் வரவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பழுதான பாகம் திரும்பி வந்தால், யார் செய்தது என்று எடுத்தவுடன் கேட்கமாட்டோம். நடந்ததை வரிசையாக எழுதுவோம். காரணம் பெரும்பாலும் ஏதாவது இரண்டு வரிகளுக்கு நடுவில் இருக்கும். இந்தக் கணக்கில் அது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருந்தது.

அதைச் சொல்ல, வீட்டிலிருந்த இரண்டு ஆண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவர். மாடியில் குடியிருக்கும் பாய் பூந்தமல்லிக்காரர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இருவருக்கும் பென்ஷன் வருகிறது, ஆனால் வேறு வேறு அரசாங்கத்திடமிருந்து. டில்லியைப் பற்றி யாராவது குறை சொன்னால் அப்பாவுக்குத் தன்னையே சொன்ன மாதிரி இருக்கும். கோட்டையைச் சொன்னால் பாய்க்கு. அகவிலைப்படி அறிவிப்பு வரும் நாட்களில் மாடிப்படியிலேயே ஒரு சட்டசபை நடக்கும்.

வெள்ளம் வந்த பிறகு இரண்டு குடும்பமும் பாய் வீட்டின் கூடத்தில். கரண்ட் இல்லை. பாயின் பழைய ரேடியோவில் செய்தி ஓடியது: நிவாரண நிதியை மத்திய அரசு தரவில்லை என்று ஒரு குரல், கொடுத்ததைச் செலவழிக்கவில்லை என்று இன்னொரு குரல். பாயின் மனைவி எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார். அம்மாவுக்கு மட்டும் கெட்டியாக, உப்பில்லாமல்.

அம்மா சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வாங்கியது. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. டாக்டர் போனில், “புதன் போச்சு, பரவால்ல. வெள்ளிக்கிழமை தவறக் கூடாதும்மா. எப்படியாவது கூட்டிட்டு வந்துடு” என்றார். டயாலிசிஸ் மையம் வேலப்பன்சாவடியில். எங்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டால் மெயின் ரோட்டில் வண்டி ஓடியது. அந்தத் தெருமுனை வரைக்கும்தான் படகு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் என் போன் உயிரை விட்டிருந்தது. அப்பாவின் போனில் சார்ஜ் இருந்ததால் மாநில உதவி எண்ணுக்கு அதிலிருந்து பேசினேன். பிறகு அதில் டவர் விட்டுவிட்டு வந்ததால், மத்தியப் படைக்குப் பாயின் போனிலிருந்து பேசினேன். அந்தப் படை மழைக்கு முன்பே வந்து, பூந்தமல்லி போகும் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தது. “கிளம்பும்போது இதே நம்பருக்குக் கூப்பிடுவோம்” என்று இரண்டு இடத்திலும் சொன்னார்கள். நான் போன்களை அவரவரிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைகளையும் பிளாஸ்டிக் பையில் கட்டப் போனேன்.

கட்டி முடித்து, அம்மாவுக்குப் புடவை மாற்றி, வெகுநேரம் காத்திருந்தும் படகு ஒன்றும் வரவில்லை. கூடத்தில் அவர்கள் இருவரும் ஜன்னலுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள்.

“இன்னா சார்ஜ்மேன், உங்க டில்லி போட்டு இன்னும் காணோம்? ரிசர்வேஷன் கெடைக்கலயா?”

“நீ பேசாத பாய். உங்க பஸ்ஸு என்னிக்கு டைமுக்கு வந்துச்சு, போட்டு வர்றதுக்கு?”

“போன் வந்ததா?” என்று கேட்டேன்.

“வந்துதே” என்றார் அப்பா. “ஸ்டேட்லேர்ந்து கூப்டாங்க. சென்ட்ரல் டீமே வருது சார், நீங்க வேற கஷ்டப்படற ஜனம் யாருனா இருந்தா பாருங்கன்னு பெருந்தன்மையா சொல்லிட்டேன்.”

பாயின் முகம் மாறியது.

“பாய், உங்களுக்கு?”

“எனுக்கும் வந்துச்சும்மா. இந்தில பேசுனான். நம்ம கவர்மெண்டு போட்டு ஆத்தா ஹை, வருது, நீ போ, ரைட் ரைட்டுன்னு…”

ஜன்னலுக்கு வெளியே யாருடைய வீட்டுத் தண்ணீர் டிரம்மோ மிதந்து போனது. அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: “டில்லியும் கோட்டையும் ஒரே ஊட்டுல குடி கீதுங்க. நல்லாருக்கு. நான் போய்ச் சேந்ததும் மாலைக்காவது ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க.”

அப்பா உட்கார்ந்துவிட்டார். பாய் தன் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு கோடு டவர் கிடைத்தது. மாநில எண்ணில் எடுத்த பெண் எங்கள் முகவரியைக் கேட்டதுமே, “மேடம், நீங்கதான் ரெண்டு தடவையும் வேணாம்னு சொன்னீங்க” என்றாள்.

“ரெண்டு தடவையுமா? நாங்க ரெண்டு இடத்துலதானே கேட்டோம்?”

“எங்க கேட்டாலும் மண்டபத்துல இருக்கற தாசில்தார் டேபிளுக்குத்தான் மேடம் வரும். போட்டு சென்ட்ரல் டீமோடது, வழி காட்டற ஆளும் ஆம்புலன்ஸும் எங்களது. ஒண்ணா சேந்துதான் கெளம்புவாங்க. ஆளுக்கு ஒரு தடவ கூப்பிட்டு கன்ஃபார்ம் பண்ணாங்க. ரெண்டு பேருக்கும் வேணாம்னு சொல்லிட்டா?”

நான் விளக்கவில்லை. “டயாலிசிஸ் பேஷண்ட். இன்னிக்குள்ள போகணும்” என்றேன். அந்தப் பெண் யாரிடமோ எங்கள் முகவரியைச் சொன்னாள். பிறகு, “போன கையில வெச்சுக்குங்க மேடம். நீங்களே எடுங்க. வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க” என்றாள்.

மழை விட்டிருந்தபோது படகு வந்தது. ஆரஞ்சு நிற ரப்பர் படகு. பின்னால் மத்தியப் படையைச் சேர்ந்த இரண்டு பேர். முன்னால், புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு எங்கள் பகுதியின் கிராம நிர்வாக அலுவலர். இதற்கு முன் வாரிசுச் சான்றிதழுக்காக மட்டுமே நான் பார்த்திருந்த அம்மாள். ஒரு கையால் படகின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால், “லெஃப்ட், லெஃப்ட்! அங்க காம்பவுண்டு செவுரு முழுகிக் கெடக்குது!” என்று கத்தினார். படைக்காரர்களுக்குத் தமிழ் தெரியவில்லை, அவர் கை காட்டுவது தெரிந்தது.

அம்மாவை நாற்காலியோடு படியிறக்கினார்கள். ஒரு கால் அப்பா, ஒரு கால் பாய், மற்ற இரண்டும் படைக்காரர்கள். படகில் துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். அப்பா என்னைப் பார்த்து, “நீ போ” என்றார். பாய் தன் குடையைக் கொடுத்தார். படகு திரும்பியபோது இருவரும் தண்ணீரிலேயே நின்றிருந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில்.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் நின்றது. மையத்தில் மிஷினில் போட்ட சிறிது நேரத்திலேயே அம்மாவின் தோள்கள் மூச்சோடு ஏறி இறங்குவது அடங்கியது. நர்ஸ் படுக்கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். இரண்டு நாட்களுக்குப் பிறகு அம்மா படுத்துத் தூங்கினாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினேன். சிரிப்பு வந்தது. வெளியே ஒரு ஆள் டீ விற்றான். வாங்கிக் குடித்தேன். அவ்வளவு நல்ல டீ அல்ல. இன்னொன்று வாங்கினேன்.

பேரிடரில் முதல் பொறுப்பு மாநிலத்துடையது, கேட்டால் மத்திய அரசு ஆளும் பணமும் அனுப்பும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பணத்தைப் பற்றி ரேடியோவில் கேட்ட சண்டை நிஜமான சண்டைதான். அதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மண்டபத்தில் ஒரே மேஜையில் முடிந்துபோயிருந்த விஷயத்தை எங்கள் கூடத்தில் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம்.

இப்போதைய நிலை இது. வீட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கீழே வந்துவிட்டோம். தெருவின் மழைநீர்க் கால்வாயை மாநகராட்சி, தெருக்கோடியில் இருக்கும் மத்திய அரசு நிலத்தின் மதில் வரை வெட்டியிருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் வெட்ட அனுமதி வந்துவிட்டது என்கிறார்கள், வேலை இன்னும் தொடங்கவில்லை. அம்மாவுக்கு மையத்தில் வழக்கமான நாட்களில் டயாலிசிஸ் நடக்கிறது, அதன் பிறகு ஒன்றும் தவறவில்லை. அவசரத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பதிவாகியிருப்பது என் எண் மட்டும்.