கொடிகாமம் சந்தையில் நான் போட்ட பூட்டு

எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, கொடிகாமம் சந்தை வாசலில் நடந்தது இது. அப்போது எனக்குக் கலியாணமாகி ஒன்றரை வருடம். அரியாலையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படம் வரைகிற வேலை பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது.

சிவப்பு நிறம். யாரோ நாலைந்து வருடம் ஓடிவிட்டு விற்றது. அதை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவருடைய கந்தோர் நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் யாழ்ப்பாணத்தில் தியேட்டர் வாசலில் களவு போய்விட்டது. படம் முடிந்து வெளியே வந்து பார்த்தால், நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் கிடந்ததாம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் கணவர் வேறு ஆளாகிவிட்டார்.

முதலில் ஒரு ஆமைப்பூட்டு. பிறகு குருநகர்ப் பக்கம் போய், வள்ளங்களைக் கட்டுகிற தடித்த சங்கிலியில் இரண்டு முழம் வாங்கி வந்தார். அதற்கு இன்னொரு பூட்டு. பெற்றோல் ராங்கி மூடிக்கு ஒரு பூட்டு. திறப்புகள் எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பாரம் தாங்காமல் பை கிழியும். நான் தைப்பேன். திரும்பக் கிழியும். கடைசியில் பைக்கு உள்ளே பழைய சாக்குத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அதோடு விட்டாரா? எங்கேயோ ஒரு பழைய லொறி ஹோர்னைத் தேடிப் பிடித்தார். அதை சீற்றுக்குக் கீழே கட்டி, மோட்டார் சைக்கிளின் பற்றரியோடு வயர் இழுத்து, ஸ்ராண்டில் ஏதோ ஒரு ஸ்பிரிங் வைத்தார். யாராவது சைக்கிளை அசைத்தால் ஹோர்ன் அலறும். நிற்பாட்டுவதற்கு சீற்றின் அடியில் கையை விட்டு ஒளித்து வைத்திருக்கும் சுவிச்சைத் தட்ட வேண்டும். இதை எல்லாம் படம் வரைந்து வைத்திருந்தார். கந்தோரில் வரைகிற படங்களைக்கூட அவ்வளவு வடிவாக வரைந்திருப்பாரோ தெரியாது.

அந்த ஹோர்ன் கத்தாத நாள் கிடையாது. காகம் வந்து இருந்தால் கத்தும். ஆடு உரஞ்சினால் கத்தும். தபால்காரர் தன் சைக்கிளை அதில் சாத்தினார், கத்தியது. அன்றிலிருந்து அவர் கடிதங்களைப் படலைக்கு மேலாலேயே எறிந்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டி, "பிள்ளை, உங்கடை லொறி கத்துது" என்று சொல்லுவா. நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய் சீற்றுக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். உண்மையான கள்ளன் ஒருவனையாவது ஒருநாள் அது காட்டித் தந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமை வரணியில் இருக்கிற என் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. எட்டு மணிக்குப் போவதாக ஏற்பாடு. செம்மணி தாண்டியதும் அவருக்குச் சங்கிலிப் பூட்டின் திறப்பு வளையத்தில் இல்லை என்று நினைவு வந்தது. திரும்பினோம். திறப்பு மேசையில் கிடந்தது. மறுபடி புறப்பட்டு, கொடிகாமம் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. பின்னால் இருந்த நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தளவுக்குக் கோபம்.

அக்காவுக்குக் கொடுக்கக் காய்கறியும் ஒரு பலாப்பழமும் வாங்கச் சந்தையில் நின்றோம். வாசலில் ஒரு வாகை மரம். அதன் நிழலில் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் நெருக்கி நெருக்கி விட்டிருந்தார்கள். எங்களுடையதை இன்னொரு சிவப்பு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் செருகி நிறுத்தினார்.

"இஞ்சாரும், நான் ஹோர்னைப் போட்டிட்டன். நீர் சங்கிலியைப் போட்டிட்டு வாரும். ஆட்டாமல் போடும், ஆடினால் கத்தும்" என்று சொல்லிவிட்டு, பலாப்பழம் முடிந்துவிடும் என்று உள்ளே போய்விட்டார்.

நான் நல்ல சேலை உடுத்திருந்தேன். சங்கிலி முழுவதும் கிறீஸ். குந்தி இருந்தால் சேலை மண்ணில் புரளும். வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டு, பாதி குனிந்து, முகத்தை மறுபக்கம் திருப்பி, கையால் தடவித் தடவிச் சங்கிலியைச் சில்லுக் கம்பிகளுக்கு நடுவே விட்டேன். மறுபக்கத்தால் எட்டி, கையில் பட்ட நுனியை இழுத்தேன். பூட்டை அமத்தினேன். 'டிக்' என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான், நிமிர்ந்து போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஹோர்ன் அலறத் தொடங்கியது. என் கணவர் பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எங்கை ஓடுறியள்? காகமாக்கும். இண்டைக்கு ஒருநாளாவது மனுசரைப் போலைச் சாமான் வாங்குவம். பேசாமல் நில்லுங்கோ."

அவர் நின்றார். பாவம், காலையில் நடந்ததுக்கு என்னிடம் பயந்து நின்றார். ஹோர்ன் விடாமல் அலறிக்கொண்டே இருந்தது. நான் வேண்டுமென்றே ஆற அமரக் கத்தரிக்காயைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். பிறகு முருங்கைக்காய். பத்து நிமிடமாவது போயிருக்கும்.

வாசலுக்கு வந்தபோது வாகை மரத்தடியில் பெரிய கூட்டம். நடுவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். சாரமும் வெள்ளைச் சேட்டும். சேட்டுப் பை கிழிந்து தொங்கியது. உதடு வெடித்து இரத்தம் தாடியில் இறங்கியிருந்தது. அவருடைய வெள்ளைத் தொப்பி மண்ணில் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு தடித்த ஆள் அவருடைய கழுத்துப் பட்டியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றான். அவரோ தாள் சுற்றிய ஒரு பார்சலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அடி விழும்போதுகூட முகத்தை மறைக்க ஒரு கையை எடுக்கவில்லை.

என் கணவர் சீற்றுக்கடியில் கையை விட்டு ஹோர்னை நிற்பாட்டினார்.

"சைக்கிள்காரர் வந்திட்டார்!" என்று தடித்த ஆள் கத்தினான். "ஐயா, கையும் களவுமாப் பிடிச்சிருக்கிறம். சங்கிலியைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிண்டவன். பொலிசுக்கு ஆள் போயிட்டுது."

"நான் என்ரை சைக்கிளைத்தான் எடுத்தனான்" என்றார் அந்த மனிதர்.

"உன்ரையோ? முதல் மச்சான்ரை எண்டாய்!"

"மச்சான்ரைதான். இரவலா வாங்கிக்கொண்டு வந்தனான்."

"கேட்டியளே கதையை!"

இன்னொரு அடி விழுந்தது. என் கணவர் "பொறுங்கோ, பொறுங்கோ" என்று சொல்லிக்கொண்டு குந்தியிருந்து சங்கிலியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். சங்கிலி எங்கள் சைக்கிளின் பின் சில்லுக்குள்ளால் போய், பக்கத்தில் நின்ற மற்றச் சிவப்பு மோட்டார் சைக்கிளின் பின் சில்லுக்குள்ளாலும் போயிருந்தது. இரண்டையும் சேர்த்து நான் பூட்டியிருந்தேன். அந்த மனிதர் தன்னுடையதைத் தள்ளியிருக்கிறார், எங்களுடையது இழுபட்டுக் கத்தியிருக்கிறது. என்ன என்று பார்க்கச் சங்கிலியில் கை வைத்தபோது பிடித்துவிட்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருக்குக் கிட்டப் போனேன். தலையைக் குனிந்து, மெல்லச் சொன்னேன்.

"அண்ணை, பிழை என்ரை. நான்தான் தெரியாமல் ரெண்டையும் சேத்துப் பூட்டிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண்ணில் கோபத்தைவிட அலுப்புத்தான் கூடத் தெரிந்தது.

"தங்கச்சி, எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? நான் கள்ளனில்லை எண்டு எனக்குத் தெரியும். அவையளுக்குச் சொல்லுங்கோ. அவ்வளவு சத்தமாக் கள்ளனாக்கிப்போட்டு, இல்லை எண்டதைக் காதுக்குள்ளை சொல்லுறியளே. நாளைக்கும் நான் இந்த ரோட்டாலைதான் வரவேணும்."

என் கணவர் முன்னுக்கு வந்து, "நான் சொல்லுறன்" என்றார்.

"பூட்டினவ சொல்லட்டும்" என்றார் அவர்.

சந்தை வாசலில், அத்தனை ஆண்களுக்கு முன்னால், அதுவரை நான் வாய் திறந்து பேசியதில்லை. பேச வாயெடுத்தேன், குரல் வரவில்லை. இரண்டாம் முறை ஏதோ வந்தது. பின்னால் நின்ற ஒருவர், "என்னவாம்? கேக்கேல்லை" என்றார். மூன்றாம் முறை கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்.

"இவர் கள்ளனில்லை! இவர் தன்ரை சைக்கிளைத்தான் எடுத்தவர். நான்தான் பாக்காமல் அவரின்ரை சைக்கிளையும் சேத்துப் பூட்டினனான். ஹோர்ன் கத்தினதும் நான் வரேல்லை, நிண்டு கத்தரிக்காய் வாங்கினனான். பிழை முழுக்க என்ரை!"

கத்தரிக்காயை ஏன் சொன்னேன் என்று தெரியாது. அதையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாக இருக்கும் என்று பட்டிருக்க வேண்டும்.

கழுத்துப் பட்டியைப் பிடித்திருந்த கை விட்டது. "எங்களுக்கென்ன தெரியும்? ஹோர்ன் அடிச்சுது, பிடிச்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டு தடித்த ஆள் நகர்ந்தான். பொலிசுக்குப் போனவனைத் திருப்பிக் கூப்பிட ஒரு பொடியன் ஓடினான். அடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்தார்கள். ஒருவரும் அவரிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் பார்சலை சீற்றில் வைத்து, தாளை மெல்ல நீக்கிப் பார்த்தார். உள்ளே சரிகை வைத்த பட்டுச் சட்டை. யாழ்ப்பாணம் அஞ்சுலாம்படிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறவராம். மிருசுவிலில் அன்றிரவு கலியாணம், மணப்பெண்ணின் கூறைச் சேலைக்குத் தைத்த சட்டை அது. துணி பிந்திக் கிடைத்ததால் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டிருக்கிறார். வழி கேட்கவும் ஒரு தேத்தண்ணி குடிக்கவும் இதில் நின்றாராம். "கலியாணச் சட்டை. அதிலை இரத்தம் படக்கூடாது" என்று மட்டும் சொன்னார். படவில்லை. அதற்குப் பிறகுதான் முகத்தைக் கழுவினார்.

என் கணவர் சங்கிலிப் பூட்டைத் திறக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது. வளையத்தில் இருந்த ஒவ்வொரு திறப்பாகப் போட்டுப் பார்த்தார். நாலாவதுதான் சரி வந்தது. அந்த மனிதர் தொப்பியை எடுத்து, தொடையில் தட்டி, தலையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார். வைத்தியம் செய்யக் கூட்டிப் போகிறோம் என்று சொன்னோம். வேண்டாம், நேரமில்லை என்றார். சைக்கிளில் ஏறிப் புறப்பட்டுவிட்டார்.

நாங்களும் புறப்படலாம் என்று பார்த்தால் எங்களுடைய சைக்கிள் ஸ்ரார்ட் ஆகவில்லை. அவ்வளவு நேரம் கத்தி ஹோர்ன் பற்றரியை முழுவதும் குடித்துவிட்டது. என் கணவர் உதைத்து உதைத்துக் களைத்துப்போனார். தள்ளிவிட ஒருவரும் வரவில்லை. என் கையில் பலாப்பழமும் பையும். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது கண்டி வீதியில் கொஞ்சத் தூரம் போய்விட்டிருந்த அந்தத் தையல்காரர் திரும்பி வந்தார். சைக்கிளை ஓரமாக விட்டுப் பார்சலைத் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கொடுத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார்.

"கியரைப் போட்டு கிளச்சைப் பிடியுங்கோ. நான் தள்ளுறன். சொல்லேக்கை விடுங்கோ" என்று என் கணவரிடம் சொன்னார்.

அடி வாங்கிய அந்த உடம்போடு அவர் எங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு முறை தள்ளினார். இரண்டாம் முறை எஞ்சின் பிடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து பார்சலை வாங்கினார்.

"போயிட்டு வாறன் தங்கச்சி. பூட்டைப் போடுங்கோ, போடவேண்டாம் எண்டு சொல்லேல்லை. குனிஞ்சு பாத்துப் போடுங்கோ" என்றார்.

வரணிக்குப் போய் அக்காவின் பிள்ளையைப் பார்த்துவிட்டு இருட்ட முன்னம் வீடு திரும்பினோம். மறுநாள் என் கணவர் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஹோர்னைக் கழற்றினார். நான் எத்தனையோ மாதம் ஆசைப்பட்ட விஷயம் அது. பக்கத்தில் நின்று பார்த்தேன், சந்தோசமே வரவில்லை. அவருடைய ஹோர்னையும் பூட்டுகளையும் நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மனிதருக்கு அடி வாங்கிக் கொடுத்தது, எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்த என் கைதான்.

அவரிடம் முதலில் நான் ஏன் மெல்லப் பேசினேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அடக்கம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை, வெட்கம். அவருடைய மானம் அத்தனை பேருக்கு முன்னால் போய்க்கொண்டிருக்க, என்னுடையதை மட்டும் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்கப் போகும்போது என் குரல் தானாகத் தாழ்ந்தால், ஒரு கணம் நின்று, நான் செய்த பிழையை யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பிறகு அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்கிறேன்.