அமாவாசையில் உடைந்த பல்

அன்று நெசவாளர் சங்கத்து அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நாற்காலியில் செயலாளர். அவருக்கு எதிரே, பில்லைத் தானே எடுத்துக்கொண்டு வந்த பல் டாக்டர். சுவரோரம் நின்றபடி எங்கள் அப்பா. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கா. அப்புறம் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்தி என்பதால் என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள்.  

பில் தொண்ணூறு ரூபாய். அக்காவின் முன்பல் மூன்றைப் பிடுங்கி, அளவெடுத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி புதுப்பல் கட்டியதற்கு. நைனா ஒவ்வொரு சேலைக்கும் வாங்கும் கூலியில் சங்கம் மருத்துவ நிதிக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். தறியில் அடிபட்டால் முழுச் செலவும் அந்த நிதியிலிருந்து வரும். அந்தத் தைரியத்தில்தான் டாக்டரிடம் போனோம்.

செயலாளர் பில்லைப் பார்த்தார். திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது? அடிபட்ட தேதின்னு டாக்டர் எழுதியிருக்குற நாளு அமாவாசையாச்சே. அன்னைக்கு ஊர்ல எவன் தறியில எறங்குறான்?"

"நான் பல்லு கட்டறவன். பஞ்சாங்கம் பாக்கறவன் இல்ல" என்றார் டாக்டர்.

அமாவாசையில் தறி ஓட்டக் கூடாது என்பது எங்கள் தெருக்களின் கட்டு. மீறினவனுக்குச் சங்கத்தில் அடுத்த பாவு கிடைக்காது. பாவு இல்லையென்றால் தறியில் நூல் இல்லை, வீட்டில் உலை இல்லை. நாங்கள் மீறியிருந்தோம். ஓரிக்கையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் கையில் இருந்த சேலையை முடித்துக் கூலி வாங்க வேண்டும் என்று, நைனா கதவைச் சாத்திக்கொண்டு நெய்தார். கரைக்கு வேறு நிறம் கோர்ப்பதால் இரண்டு ஆள் வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்து, கரை நூல் ஓடும் நாடாக்கட்டையைத் தள்ளியது அக்கா. தறிக்கு மேலே கட்டியிருந்த கட்டையின் கயிறு அறுந்து, கட்டை அவள் வாயில் விழுந்தது. சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று அவள் அப்போதும் முந்தானையைத்தான் வாயில் அடைத்துக்கொண்டாள்.

"கெணத்தடியில வழுக்கி வுழுந்துடுச்சுங்க" என்றார் நைனா.

செயலாளர் அவரைவிட்டு அக்காவைப் பார்த்தார். "கெணத்தடியா கண்ணு?"

அக்கா தலையாட்டினாள்.

செயலாளர் வீடு எங்களுக்குப் பின்தெரு. தறிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமோ என்று அன்று தொடங்கிய பயம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "கெணத்தடின்னா பல்லு புடுங்குன கூலி, மருந்து, அவ்ளோதான் சங்கம் தரும். கட்டுன பல்லு உன் செலவுபா" என்று பதினெட்டு ரூபாயை எண்ணி டாக்டர் முன்னால் வைத்தார்.

"மொத்தமும் சங்கம் குடுக்கும்னு நீங்க சொன்னதாலதானே நல்ல சாமான்ல போட்டேன்?" என்றார் டாக்டர் நைனாவிடம்.

"மட்டமான சாமான் வெலைக்கே போட்டுக்குங்களேன்" என்றார் செயலாளர்.

"அளவெடுத்துச் செஞ்சாச்சு. திருப்பிக் குடுத்தா நான் யாருக்கு மாட்டுறது, கோயில் யானைக்கா?"

அக்கா முந்தானைக்குள் சிரித்துவிட்டாள். டாக்டருக்கும் மனசு இளகியது போல. நைனா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த இருபது ரூபாயை வாங்கிக்கொண்டு, "பொண்ணு பாக்க வராங்கன்னு சொன்னீங்க, எடுத்துக்கினு போங்க. மீதியை மெதுவா குடுங்க" என்றார்.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி தின்னும்போது பல் கழன்று தட்டில் விழுந்துவிடுமோ என்று நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பல் கட்டின விஷயத்தைப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எங்கள் அம்மா சொன்னாள்.

மறுநாள் காலை நைனா அந்தப் பல்லைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். சங்கத்தில் பட்டு நூலை எடைபோட்டு வாங்கி, நெய்தது போக மிச்சமான இழையையும் எடைபோட்டுத் திருப்பிக் கொடுத்தே பழகியவர். "பொய் சொன்ன வாயி என்னுது. காசு குடுக்காத பொருளும் வூட்ல இருக்கணுமா? முகூர்த்தத்துக்குள்ள குடுத்துட்டு வாங்கிக்கலாம்" என்றார். டாக்டர் வேண்டாம் என்றாராம். மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் பூ வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது அக்கா. சந்தோஷத்தில் எல்லாம் மறந்து, "வாங்க அத்தே" என்று வாய் நிறையச் சிரித்தாள்.

"இன்னாமா இது? அன்னைக்கு இருந்துச்சே."

அம்மா ஓடிவந்து என்னென்னவோ சொன்னாள். கிணற்றடி என்றாள். அந்த அம்மாள் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "இதையே மறைச்சீங்கன்னா இன்னும் இன்னா இன்னா மறைச்சிருக்கீங்களோ" என்றார். பூவை மட்டும் வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். அதை யார் எடுத்தது, என்ன ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.

சேலை முடிந்து கூலி வந்த அன்று நைனா சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார். தறியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா, தலையைத் தூக்காமல், "வேணாம் நைனா. இனிமே அத்த போட்டுக்கினு யாருகிட்ட காட்டப் போறேன்?" என்றாள். நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டதில் ஒருநாள் டாக்டர் கடையைக் காலி செய்துகொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். அக்காவின் வாய்க்கு அளவெடுத்த அந்த மூன்று பல்லை என்ன செய்தாரோ, தெரியாது. அவளுக்கு வேறு இடம் எதுவும் அமையவில்லை. நைனா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் அக்கா பக்கத்தில் வரும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்றையேதான் முனகினார்: டாக்டருக்குப் பாக்கி ஐம்பத்திரண்டு ரூபாய்.