சுவரில் கைவிரித்த மாதுளை

மட்டக்களப்புக்கு வந்த புதிதில், நாவற்குடாவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டேன். வீட்டு மனிதர் கணபதிப்பிள்ளை வட்டை என்னும் வயல்வெளியில் வெள்ளாமை செய்பவர். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"என்னட்டயா கேக்கிறீங்க? இது பொண்டாட்டிட வீடு தம்பி. நானும் உங்களப்போல வந்து குந்தினவன்தான்."

நம் திருநெல்வேலியில் வீட்டுக்காரர் என்றால் ஆண்பிள்ளை. இங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. கணவன் அங்கே குடிவருகிறான். பிறந்த இடம் விட்டு வந்தவன் அந்த வீட்டில் நான் மட்டுமல்ல என்பது அன்றுதான் தெரிந்தது.

ஆணி ஒரு மாதுளைக்காக. சுவரோரம் நின்ற அந்த இளமரத்தின் நிழல், முற்றத்தில் காயும் நெல்லில் விழுந்தது. கணபதிப்பிள்ளையின் மனைவி பொன்னம்மா அக்கா அதை வெட்டச் சொல்லியிருந்தார். எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்திய நாட்களில், எதிர்ப் பங்களாவில் ஓர் ஆரஞ்சு மரத்தைச் சுவரோடு தட்டையாகப் படரவிட்டிருந்தார்கள். எஸ்பாலியர் என்றார் தோட்டக்காரர். அவர் வேலை செய்வதை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. உள்ளே போய் ஒரு கிளையைத் தொட என்னை யார் விடுவார்கள்? பொன்னம்மா அக்கா விட்டார்.

"அடுத்த வெள்ளாமைக்குள்ள காய்க்கவேணும். இல்லாட்டி விறகுதான்."

ஆணிகளில் கம்பி இழுத்தேன். முற்றத்தை நோக்கி நீண்ட கிளைகளையும் சுவரை முட்டியவற்றையும் அடியோடு நறுக்கினேன். பக்கவாட்டில் போனவற்றை, இளசாக இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தித் தேங்காய்த் தும்புக்கயிற்றால் கட்டினேன். இறுக்கினால் பட்டை அறுந்துவிடும். படுத்த கிளைக்கு உயர்ந்து ஓடும் வேகம் குறைகிறது; அப்போதுதான் பூ வைக்கிறது.

"மரம் என்ன களவெடுத்த தம்பி, இப்பிடிக் கட்டிவெச்சிருக்கிறீங்க?" என்பார் அக்கா, நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே. கெடுவுக்குள் காய்த்தது. முதல் பழத்தை உடைத்து எனக்குத்தான் தந்தார்.

சில வருடங்களில் அவர்கள் மகள் தங்கத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கடலோரத்துப் பெரியகல்லாறு. வீடு மகளுக்கு என்றார்கள். என் அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே கூரை அது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும், மரத்தை அவிழ்த்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். இம்முறை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நானும் புறப்படவேண்டுமா என்று தங்கத்திடம் கேட்டேன்.

"நீங்க போனா மரத்த ஆர் பாக்கிற மாமா? வாறவருக்குத் தோணி வலிக்கத்தான் தெரியுமாம்."

கத்தியை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனேன். கயிறுகளை அறுத்து, கம்பியையும் உருவினேன். கிளைகள் துள்ளி எழும் என்று விலகி நின்றேன். எழவில்லை. சுண்ணாம்பு காயும்வரை, சுவரைத் தொடாமலும் பழைய போக்குக்குத் திரும்பாமலும், கைவிரித்தபடியே வெயிலில் நின்றது மாதுளை.